விமானம் கடல்மேல் இருந்தபோது பின்வாசலில் கேட்ட குரல்

திருவனந்தபுரத்திலிருந்து குவைத் ஏறக்குறைய மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். விமானத்தில் ஐந்து மணி நேரம். என் கணவர் அந்த விமானத்தில் கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது, இரணியல் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்வாசலில் அவர் குரலில் பேசியது யார்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்லூரியில் இயற்பியல் படித்தவள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், அவ்வளவுதான். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை காரில் ஏறியவர், சிப்ஸ் பொட்டலத்தை மறந்துவிட்டேன் என்று மறுபடி வீட்டுக்குள் வந்தார். பயணம் கிளம்பியவர் அப்படித் திரும்பி வந்தால், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படி இறங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். இல்லாவிட்டால் ஆள் போனாலும் அவர் தாகம் வாசலிலேயே நின்றுவிடும் என்பார்கள். மாமியார் டம்ளரை நீட்டினார்.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போ மக்கா."

"பிளேன் எனக்காக நிக்குமாம்மா? கொண்டு உள்ள வையுங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். வழியனுப்ப மாமியாரும் அதே காரில் போனார். மகளுக்குக் காய்ச்சல், அதனால் நானும் அவளும் மட்டும் வீட்டில்.

அவர் பறக்கும் நாளில் செல்போனில் அந்த விமானம் நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அது தரையிறங்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. மதியம் பார்த்தபோது அரபிக்கடலில் பாதி தூரம் தாண்டியிருந்தது. அப்போதுதான் பின்கதவைத் தட்டும் சத்தம்.

"ஏட்டி, தண்ணி கொண்டா."

அவர் குரலேதான். ஒருவேளை விமானத்தைத் தவறவிட்டுத் திரும்பிவிட்டாரோ, செல்போன்தான் தப்பாகக் காட்டுகிறதோ என்று தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை. கதவு மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"நீங்க பிளேன்லதானே இருக்கீங்க?" என்றேன்.

"தண்ணி தர மாட்டியா? அப்போ பிள்ளையத் தா."

அப்படி ஒரு வெறுப்பை அவர் குரலில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். தெரிந்த ஜெபம்கூட வாயில் வரவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிக்கொண்டே அது வீட்டைச் சுற்றியது. குவைத்தில் விமானம் இறங்கியதாகச் செல்போன் காட்டிய பிறகுதான் நின்றது.

கொஞ்ச நேரத்தில் கணவர் குவைத்திலிருந்து போனில் கூப்பிட்டார்.

"பிளேன்ல உறங்கிட்டேன். நம்ம பின்வாசல்ல நின்னு தட்டுகது மாதிரி ஒரு கனவு. நீ ஏன் தொறக்கல?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. மகளுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சாயங்காலம் மாமியார் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "பிள்ளைக்க காய்ச்சல் உனக்கும் ஒட்டிக்கிட்டு," என்றார். அப்படியும் இருக்கலாம் என்று பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து மகள் வீடியோ காலில் அப்பாவின் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள்.

"இது அப்பா இல்ல. அப்பா வெளிய நிக்காவ. தாகிக்குன்னு சொல்லுகாவ."

அடுத்த மாதம் அவருக்கு லீவு. விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாமாம். "நானே வந்திருவேன், பின்கதவ மட்டும் தொறந்து போடு," என்கிறார். இதுவரை அவர் ஒருதடவைகூட அந்த வழியாக வீட்டுக்குள் வந்ததில்லை.

நான் கதவைத் திறக்கலாமா? திறந்தால், அந்த ஒரு டம்ளர் தண்ணீரை வந்தவரிடம் கொடுப்பதா, வெளியே நிற்பதாக மகள் சொல்கிறவருக்கு வைப்பதா? இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், அவர் வருவதற்குள் எனக்கு எழுதுங்கள்.