அப்பா நாக்கில் வைத்துப் பார்த்த உப்பு

அப்பாவின் இந்த நினைவு மலரை வாங்கியதும் அட்டைப் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்து நன்றியில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று புரட்டுகிறவர்கள் அந்தச் சிரமத்தை விட்டுவிடலாம். பெரும்பாலும் இருக்காது.

போன வருடம் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆம்பூர் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்குவதற்கு முன், குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில் பெரியப்பா ஜெபம் செய்தார். "என் தம்பி நாவினால் செய்த பாவத்தையும் மன்னியும் ஆண்டவரே" என்றார். சுற்றி நின்ற சொந்தக்காரர்களும் சபையாருமான நீங்கள் ஆமென் சொன்னீர்கள். எந்தப் பாவம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆண்டவர் தந்த பதிலைப் பொய் சொல்லித் தள்ளியவர் என்பதுதான் பத்தொன்பது வருடமாகச் சொந்தத்திலும் சபையிலும் அப்பாவுக்கு இருந்த பெயர். அந்தப் பெயரோடேயே அவரைப் புதைத்தோம். அதை அவர் மேலிருந்து எடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது காவேரிப்பாக்கத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில். இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவரைத்தான் படிக்கவைக்க முடிந்தது. படித்தவர் வாத்தியாரானார், சத்துவாச்சாரியில் மாடி வீடு கட்டினார், சபையில் மூப்பரானார். படிக்காதவர் பதினேழு வயதில் ஆம்பூருக்கு வந்து தோல் தொழிற்சாலையின் சுண்ணாம்புக் குழியில் இறங்கினார். பெரியப்பா விருந்தாளிகளுக்கு முன்னால் அப்பாவை "எங்க வீட்டுத் தோல்காரன்" என்று அறிமுகம் செய்வார். விளையாட்டுக்குத்தான் என்பார். அந்த விளையாட்டுக்கு அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை.

சுண்ணாம்பு அவர் கையைத் தின்றது. பிறகு பச்சைத் தோல் வந்து இறங்கும் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. தடவிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, எது முதல் தரம், எது கழிவு என்று ஒதுக்குவார். சந்தேகம் வந்த தோலைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். "இப்ப பாத்தா எல்லாம் நல்லாதான் தெரியும். நாளைக்கு வெளிச்சத்துல பாக்கலாம்" என்பார். முதலாளி கத்தினாலும் அவசரப்பட மாட்டார்.

ஜெபத்திலும் அதே பழக்கம்தான். எனக்கு ஒன்பது வயதில் அம்மா போய்ச் சேர்ந்தார்கள். மறுமணம் செய்துகொள் என்று நீங்கள் வரிசையில் வந்து சொன்னீர்கள். அப்பா விடியற்காலையில் முழங்காலில் நின்று கேட்டார். தெளிவு வரவில்லை, அதனால் செய்யவில்லை. "கர்த்தர் எல்லாருக்கும் பதில் சொல்றாரு, இவனுக்கு மட்டும் தபால் லேட்டு" என்று ஒரு கல்யாணப் பந்தியில் அத்தை சொல்ல, பந்தியே சிரித்தது. அத்தை இதைப் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அப்பா காத்திருந்த அந்த வருடங்களில் எனக்குத் தலை பின்னிவிட்டவரும், சமைத்துப் போட்டவரும் அவரேதான். சிரித்தவர்களில் ஒருவரும் ஒருநாள் வந்து ஒரு குழம்பு வைத்துத் தரவில்லை.

எனக்கு இருபத்து மூன்று வயதில் பெரியப்பா ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ராணிப்பேட்டையில் வேலை செய்தவர், பாட்டுக் குழுவில் பாடுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அப்பா வழக்கம்போல, "கேட்டிருக்கேன், தெளிவு வரட்டும்" என்றார். நான்கு மாதம் போனது. புது வருடத்துக்குள் பதில் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

பெரியப்பா அப்போது ஒரு வழி கண்டுபிடித்தார். வேதத்தில் நியாயாதிபதி ஒருவர் களத்தில் மயிருள்ள ஆட்டுத்தோலைப் போட்டு, தோல் நனைந்து தரை காய்ந்திருந்தால் அதுவே பதில் என்று தேவனிடம் கேட்ட சம்பவம் இருக்கிறது. அதையே செய்யலாம் என்றார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சாயங்காலம், சொந்தங்கள் கூடி ஜெபித்து, சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் ஒரு தோலை விரித்தார்கள். தோல் மண்டியிலிருந்து வந்தது. அதை வாங்கிவரப் பெரியப்பா என்னைத்தான் அனுப்பியிருந்தார்.

காலையில் அப்பா ஆம்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். எல்லாரும் மாடி ஏறினோம். வெயில் பட்டுத் தரை காய்ந்திருந்தது. தோல் ஈரமாக இருந்தது. பெரியப்பா கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னார், அத்தை அழுதார். அப்பா மட்டும் குனிந்து தோலைப் புரட்டினார். உள்பக்கத்தை விரலால் தேய்த்தார், விரலை நாக்கில் வைத்தார்.

"அண்ணா, இது உப்புத் தோலு. காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும். பனி நேரத்துல எங்க போட்டாலும் நனையும். இத வச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணா."

"ஆண்டவர் பதில் சொன்னா நீ உப்புன்றியா?"

"நாக்குல வச்சிப் பாருங்க."

"அந்த நாத்தத்த நான் நாக்குல வைக்கணுமா? இன்னாடா பேசற?" என்று பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீதான கொண்டாந்த. உப்புத் தோலா அது?"

"இல்ல பெரியப்பா. உப்பு போடாத தோலுதான்" என்றேன்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எனக்கு இன்னும் தெளிவு வரலண்ணா. நான் சரின்னு சொல்ல முடியாது" என்றார். பெரியப்பா, "தேவன விட உன் நாக்கு பெருசா? பொய் சொல்ற வாயோட இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்றார். மாப்பிள்ளை வீட்டார் இந்தச் சண்டையைக் கேள்விப்பட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பாவின் காத்திருப்புதான் சரி என்று காட்ட, அந்த மாப்பிள்ளை குடிகாரராகப் போனார் என்று எழுத முடிந்தால் எனக்கு வசதியாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் மனைவி பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறார். எனக்கு முப்பத்தொரு வயதில் கல்யாணம் ஆனது, நானும் நன்றாக இருக்கிறேன். எது தேவசித்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

அதற்குப் பிறகு நீங்கள் அப்பாவுக்குச் செய்ததை மறந்திருப்பீர்கள், எனக்கு மறக்கவில்லை. சபையில் அவரைச் சாட்சி சொல்ல அழைப்பது நின்றது. வீட்டுக் கல்யாணங்களில் கடைசி வரிசை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் கேக் டப்பாவோடு சத்துவாச்சாரிக்குப் பஸ் ஏறுவார், கேட்டுக்கு வெளியே நிற்பார், யாரும் வராவிட்டால் டப்பாவைக் கேட்டுக்கு உள்பக்கமாக வைத்துவிட்டுத் திரும்புவார். ஒரு வருடம் அந்த டப்பா பொங்கல்வரை அங்கேயே கிடந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பத்தொன்பது டப்பாக்கள். பெரியப்பா அத்தனை வருடமும் மூப்பராக இருந்து, மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்.

நான் மட்டும் என்ன செய்தேன்? கல்யாணத்தைக் கெடுத்தார் என்று இரண்டு வருடம் அப்பாவோடு பேசவில்லை. அவர் சமைத்ததைச் சாப்பிட்டேன், அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

கடைசியில் நுரையீரல் கெட்டது. வேலூரில் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். ஒரு மத்தியானம் மூச்சுக் குழாயை விலக்கிவிட்டுக் கேட்டார்.

"எதுனா சொல்லணுமாம்மா?"

"ஒண்ணுமில்லப்பா."

"சரி. அவசரமில்ல."

மூன்றாம் நாள் போய்விட்டார்.

அடக்கத்துக்கு அப்பாவோடு முப்பது வருடம் வேலை செய்த மண்டி பாய் வந்திருந்தார். பெரியப்பாவின் ஜெபத்துக்கு எல்லாரும் ஆமென் சொன்னபோது பாய் என்னைத்தான் பார்த்தார். எல்லாரும் போன பிறகு கிட்டே வந்தார்.

"மாடியில சண்ட நடந்த அன்னிக்கே உங்கப்பாகிட்ட சொல்லிட்டேம்மா, நீ கேட்டு வாங்கினத. நான் வந்து உங்க பெரியப்பாகிட்ட பேசட்டுமான்னு கேட்டேன். 'உள்ள வச்சிக்க தோஸ்த், பாப்பாவே வந்து சொல்லட்டும்'னாரு. அதனாலதான் நான் வாயத் தொறக்கல."

நன்றி சொல்லும் இடம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாளும் சாப்பாடு கொண்டுவந்த மண்டி பாய்க்கும், அவர் வீட்டம்மாவுக்கும் நன்றி. அப்பாவின் கையில் ஊசி போட நரம்பு கிடைக்காமல், அவரிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுக் குத்திய அந்த நர்ஸ் பெண்ணுக்கு நன்றி. கல்லறைக் குழியை வெட்டியவர்களுக்கு நன்றி. ஆமென் சொன்னவர்களுக்கு நன்றி இல்லை.

பெரியப்பாவுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தோல் வாங்கப் போன அன்றைக்கு, அப்பா இல்லாத நேரத்தில், மண்டியில் பாய் என்னிடம், "உப்பு போட்டதா, சும்மா காயவச்சதாம்மா?" என்று கேட்டார். சபையில் நாடகத்துக்கு என்றேன். "நாடகத்துக்குன்னா சும்மா காஞ்சதே எடுத்துக்க, வாடை கம்மியா இருக்கும்" என்றார். "உப்புத் தோலே குடுங்க பாய்" என்றேன். தோல்காரன் மகளுக்கு உப்புத் தோல் என்ன செய்யும் என்று தெரியும் பெரியப்பா. உங்களுக்குத்தான் தெரியாது. எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. தேவன் சொல்லட்டும் என்று அப்பா காத்திருந்தார், தேவன் சொன்னதாக நான் செய்து காட்டினேன். மாடியில் பொய் சொன்ன நாக்கு என்னுடையது. அடுத்த முறை அந்தப் பாவத்துக்காக ஜெபிக்கும்போது என் பெயரைச் சொல்லுங்கள். போன வருடம் வைக்க மறந்த கேக் டப்பாவை இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் கொண்டுவருகிறேன், கேட்டைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம்.

அப்பா, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவசரமில்லை என்றீர்கள். நான் அதை நம்பி உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மகள்,
ஆம்பூர்