என் கணவரின் முழங்காலும் அம்மா வைத்த நேர்த்தியும்

"அந்த அமெரிக்கன் வந்த வழியே போயிடுவான்" என்று ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் என் கணவரின் வலது முழங்கால் போனது. இதை வாசிக்கிற உங்களில் சிலரும் அப்படிச் சொன்னவர்கள்தான். எனக்கு இப்போது கோபம் இல்லை. இருந்தாலும் கொஞ்சம்தான்.

என் பெயர் றெஜினா. மன்னாரில் பிறந்து, சிறு பிள்ளையாக நோர்வேக்கு வந்து, ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருடில் வளர்ந்தவள். துரொண்ட்ஹெய்மில் தாதிப் படிப்புப் படித்த நாட்களில் அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலில் டெரெக்கைச் சந்தித்தேன். அவர் கத்தோலிக்கர் அல்ல. தங்கியிருந்த இடத்துக்குக் கிட்ட இருந்த கோயில் அதுதான் என்று வந்தவர். ஒஹையோவில் பிறந்த கறுப்பு அமெரிக்கர். உதைபந்தாட்டம்தான் அவருடைய தொழில். வலது ஓரத்தால் பந்தைக் கொண்டு ஓடி, நடுவில் நிற்பவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிற விங்கர். சொந்த நாட்டில் பெரிய அணி எதுவும் எடுக்கவில்லை. டென்மார்க்கில் ஒரு கழகம், பிறகு துரொண்ட்ஹெய்ம், அதன்பிறகு ஒஸ்லோவில் இரண்டாம் நிலையில் ஆடிய ஒரு கழகம் என்று போன இடமெல்லாம் குறுகிய ஒப்பந்தம்தான். வெளிநாட்டுக்காரன் ஊர்க்காரனைவிட இரண்டு மடங்கு ஓட வேண்டும் என்பார். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

எங்கள் கலியாணத்தை அம்மா விரும்பவில்லை. "ஆர், எந்த ஊர், எந்தக் கோயில் எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று அழுதார். கலியாணத்துக்கு வந்தார். ஆனால் மருமகனோடு கதைத்தது "சாப்பிடுங்கோ" என்ற ஒரு சொல் மட்டும். அவரும் "ஓம் மாமி" என்று சொல்லிச் சாப்பிடுவார். அவ்வளவுதான் அவர்களுக்குள் இருந்த உறவு.

2006ஆம் ஆண்டின் தொடக்கம். வெளியே பனி. மண்டபத்துக்குள் செயற்கைப் புல்தரையில் பயிற்சி. யாரும் அவரை இடிக்கவில்லை. தானாகத் திரும்பினார், கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் இருக்கும் முக்கியமான தசைநார் அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை செய்தார்கள். நடக்கலாம், ஓடலாம், ஆனால் பழைய வேகத்தில் ஓடித் திரும்புவது சந்தேகம் என்று மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். வேகம் இல்லாத விங்கரை யார் வைத்திருப்பார்கள்? அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. ஒப்பந்தமும் அந்தப் பருவத்தோடு முடிய இருந்தது.

டெரெக் கதைப்பதை விட்டார். கோயிலுக்கு வருவதை விட்டார். சாளரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு, கீழே பிள்ளைகள் பந்து அடிப்பதைப் பார்த்தபடி இருப்பார். நான் தாதி. மற்றவர்களின் நோயாளிகளுக்கு நம்பிக்கை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் என் வீட்டு நோயாளிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. கடையில் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து, "தாய் தேப்பன்ரை சொல்லு மீறிக் கட்டினா இப்பிடித்தான் பிள்ளை, ஆண்டவர் சோதிக்கிறார்" என்றார். நான் கையை உதறிவிட்டு வந்தேன். என் புருஷனின் காலை முறித்து எனக்குப் பாடம் எடுக்கிற ஆண்டவரை நான் அறியவில்லை.

அன்றிலிருந்து என் செபம் மாறியது. கெஞ்சவில்லை. சண்டை பிடித்தேன். வேலைக்குப் போகிற ரயிலில் இருந்துகொண்டு உள்ளுக்குள் கத்துவேன். "ஆண்டவரே, பழைய கால் வேண்டாம். வெற்றிக் கிண்ணம் வேண்டாம். ஒப்பந்தம் முடிகிறதுக்குள் ஒரே ஒருமுறை அவர் ஆட்டத்தில் இறங்க வேண்டும். அவர் தோற்று வீட்டுக்குப் போகிறவராக என் கண்ணால் பார்க்க மாட்டேன்."

இதற்கிடையில் அம்மா செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் செபமாலைக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. எங்கள் மன்னார்ப் பக்கத்து மடு மாதாவின் படத்துக்கு முன்னால் எல்லோரும் இருக்க, யாரிடமும் கேளாமல் அம்மா எழும்பி நின்று நேர்த்தி வைத்தார். "தாயே, என்ரை மருமகன் திரும்ப விளையாடினா, ஆவணித் திருவிழாவுக்கு முழங்காலாலை நடந்து உம்மட்டை வருவார்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் பழக்கத்தில் ஆமென் சொல்லிவிட்டேன். பிறகுதான் மண்டையில் ஏறியது.

"அம்மா, உங்களுக்கு விசரே? வருத்தமே முழங்காலிலை! அதாலையோ நடக்கச் சொல்லுறியள்?"

அம்மாவின் முகம் வெளுத்தது. "ஐயோ... வாயிலை வந்திட்டுது பிள்ளை. ஊரிலை எல்லாரும் அப்பிடித்தானே வைக்கிறவை. வைச்ச நேர்த்தியை மாத்தேலாதே."

டெரெக்குக்கு விளங்கப்படுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. கண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "கழகங்கள் எல்லாம் எனக்கு நிபந்தனைதான் போட்டன. என் பெயரில் ஒருவர் வாக்குக் கொடுத்தது இதுதான் முதல் தடவை" என்றார். அடுத்த நாள் காலையிலேயே பயிற்சிக்குப் போனார். என் செபத்துக்கு முதல் பதில் அந்தச் சிரிப்பு என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

கோடையில் கழகம் கையை விரித்தது. ஒப்பந்தம் நீடிக்காது, விரும்பினால் வீட்டிலேயே இருக்கலாம் என்றார் பயிற்சியாளர். டெரெக் இருக்கவில்லை. தனியாக ஓடினார். முழங்கால் வீங்கும், ஐஸ் வைப்பார், திரும்ப ஓடுவார். அவருடைய இடத்துக்கு இரண்டு இளம் விங்கர்கள் இருந்தார்கள். நான் என் சண்டையை நிறுத்தவில்லை.

பருவத்தின் கடைசிச் சொந்த மைதான ஆட்டம். ஒரு விங்கருக்கு நடுவரிடம் அட்டை வாங்கியதால் தடை. மற்றவருக்கு அன்று காலை காய்ச்சல். பயிற்சியாளருக்கு வேறு வழி இல்லை, டெரெக்கை மாற்று வீரராக இருத்தினார். தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் அன்றாடம் கேட்டது எனக்குத் தெரியும்.

அம்மாவும் வந்தார். உதைபந்தாட்டம் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. கையுறைக்குள் செபமாலை. "எது எங்கட பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். முடிவதற்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது டெரெக்கை இறக்கினார்கள். முதல் பந்தைப் பறிகொடுத்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் ஏளனமாகச் சீட்டி அடித்தார். இரண்டாவது பந்து காலுக்கு வந்தது. கோட்டோரமாக இழுத்தார், திரும்பினார், கால் கூடவே திரும்பியது. மறித்தவன் பின்னால் நின்றான். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஓடுறார் பிள்ளை! ஓடுறார்!"

அவர் போட்ட பந்தை நடுவில் நின்றவர் தலையால் வெளியே அடித்தார். ஆட்டம் தோல்வி. நானும் அம்மாவும் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்தவர்கள் நாங்கள் எதிரணி ஆதரவாளர்கள் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்குப் போய் அம்மா கொண்டாட்டமாக றோல்ஸ் பலகாரம் பொரித்தார்.

அந்த ஓட்டத்தைப் பார்த்த ஒருவர், ஒஸ்லோவுக்குக் கிட்ட ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் கீழ்நிலையில் ஆடிய சிறிய கழகம் ஒன்றுக்கு டெரெக்கைக் கூப்பிட்டார். அடுத்த பருவம் அங்கே ஆடினார்.

ஆவணி வந்தது. ஒஸ்லோவுக்கு வெளியே காட்டுக்குள் நாங்கள் மடு மாதாவுக்கு எடுக்கிற திருவிழா. சரளைக் கல் பாதை. சத்திரசிகிச்சை செய்த முழங்காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று கழகத்தில் தடுத்திருந்தார்கள். பங்குச் சுவாமியாரும் வேண்டாம் என்றார். டெரெக் கேட்கவில்லை. வாக்கு வாக்குத்தான் என்று பாதையின் தொடக்கத்தில் முழங்காலிட்டார். இரண்டு பக்கமும் நம்மவர்கள் குடையோடு நின்று பார்த்தார்கள். சில அடிகள் நகர்ந்தார். வலியில் முகம் கோணியது. ஆனாலும் நிற்கவில்லை.

கூட்டத்துக்குள் இருந்து அம்மா வந்தார். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் சரளையில் முழங்காலிட்டார்.

"காணும் மகன், எழும்புங்கோ. மிச்சத்தை நான் வாறன்."

மகன் என்றார். அதுவரை அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. டெரெக் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்தார். வாதம் பிடித்த தன் முழங்கால்களால் நடந்தே அம்மா மாதாவின் காலடி வரை போனார். வழியில் யாரோ, "அவர் எங்கட சமயமே இல்லையே" என்று முணுமுணுத்தார்கள். அம்மா நிற்காமலே திரும்பிப் பார்த்து, "என்ரை பிள்ளை. உங்களுக்கென்ன?" என்றார்.

டெரெக் அதன்பிறகும் ஆடினார், தானாக முடிவெடுத்துத்தான் நிறுத்தினார். இன்று பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறார். குளிருக்கு முழங்கால் இன்னும் வீங்கும். ஆண்டவர் புதுக்கால் தந்தார் என்று நான் சாட்சி சொல்லவில்லை. நான் கேட்டதைத் தந்தார். கேட்காத ஒன்றையும், என் தாயின் வாயில் ஒரு சொல்லாக, சேர்த்துத் தந்தார். என் ஆண்டவருக்கு நன்றி.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவரைப் பார்த்து இனி முடிந்தது என்று சொல்லியிருக்கலாம். மருந்தை நிறுத்தாதீர்கள், மருத்துவரை மதியுங்கள். ஆனால் முடிந்ததா என்று ஆண்டவரிடம் நேரே கேளுங்கள். அடக்கமாகத்தான் கேட்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் கத்திக் கேட்டவள். அவர் என்னோடு கோபிக்கவில்லை.