எஜமானைத் தாண்டாத வண்டி

ஒன்பது கார்ப் பந்தயம் ஓட்டியிருக்கிறேன். ஒன்றிலும் முதலில் வந்ததில்லை. இரண்டு தடவை மூன்றாவது, மற்றதெல்லாம் கூட்டத்தோடு கூட்டம். ஓட்டிய வண்டி ஒன்றுகூட என்னுடையது இல்லை. பந்தயக் காகிதத்தில் வண்டிக்குச் சொந்தக்காரர் பெயர் மட்டும் இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்தில் நின்றவர்கள் படித்துச் சொன்னது.

அந்தப் பந்தயங்கள் நடந்தபோது சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் ஊட்டியிலிருந்து குண்டலுபேட்டை வழியாக மைசூருக்கு உருளைக்கிழங்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். காட்டில் யானை நின்றால் இன்ஜினை அணைக்க வேண்டும் என்பான் ஒருவன், அணைக்கவே கூடாது என்பான் இன்னொருவன். நான் இரண்டையும் செய்து பார்த்தவன். யானை தனக்குத் தோன்றியதைத்தான் செய்யும். சரி, அதை விடுவோம்.

லாரியை விட்டு மைசூரில் ஒரு காபித் தோட்டக்காரரிடம் டிரைவராகச் சேர்ந்தேன். நானும் என் மனைவியும் அங்கே அக்ரஹாரம் என்கிற பகுதியில் ஓர் அறையில் இருந்தோம். எஜமானுக்கு இரண்டு பெரிய அமெரிக்கக் கார்கள். வெளியூர் போனால் முதல் காரை அவரே ஓட்டுவார், பக்கத்தில் எஜமானியம்மா. பெட்டி படுக்கை, சமையல்காரர், சாப்பாட்டுக் கேரியர் எல்லாம் இரண்டாவது காரில், என்னோடு.

சேர்ந்த புதிதில் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் கரும்பு வண்டிகள் வரிசையாகப் போயின. எஜமான் தயங்கித் தயங்கிப் போனார். லாரிப் பழக்கம், நான் வலப்பக்கமாக ஏறி அவரையும் தாண்டிப் போய்விட்டேன். காவிரிப் பாலத்தைக் கடந்ததும் ஹாரன் அடித்து நிறுத்தினார்.

"ஏன்டா, உன் தூசிய நான் திங்கணுமா?"

சமையல்காரர் எதிரிலேயே கேட்டார். அதோடு சரி. ஐந்து வருஷம் அவர் வேகம்தான் என் வேகம். அவர் ஒன்றுக்குப் போக நிறுத்தினால் நானும் ஐம்பது கஜம் தள்ளி நிறுத்திக்கொண்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகுதான் அவருக்குப் பந்தயக் கிறுக்கு பிடித்தது. யுத்தத்தின்போது விமானம் இறங்கிய பழைய ஓடுபாதை, திருப்பங்களில் தார் டிரம்கள். காரின் பின் சீட்டு, மட்கார்டு, ஹாரன் எல்லாவற்றையும் கழற்றி எடையைக் குறைத்து ஓட்டுவோம். எட்டுப் பந்தயத்தில் நான் ஓட்டினேன், அவர் குடைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தார். ஒன்பதாவதில் அவரும் ஒரு காரில் ஏறினார்.

"இந்த வாட்டி நீ ஜெயிச்சா மெட்ராஸ் பந்தயத்துக்கு உன்னத்தான் அனுப்புவேன். உன் பேர்லயே எழுதிடலாம்" என்றார்.

மனைவியிடம் சொன்னேன். அவள் கொள்ளேகால்காரி. "ஏனுங்க, பேரு எழுதுனா சோறு போடுவாங்களா?" என்றாள். சொல்லிவிட்டு என் காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தாள்.

இருபது சுற்று. பதினாறாவது சுற்றில் முன்னால் எஜமான், பின்னால் நான், மற்றவர்கள் தூரத்தில். அவர் கார் புகை கக்கியது. டிரம்முக்கு வெகு முன்னாலேயே பிரேக் பிடித்தார். வலது பக்கம் லாரியே போகலாம், அவ்வளவு இடம். பம்பர் வரைக்கும் போனேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் தானாக மேலே வந்துவிட்டது. மறுபடியும் போனேன். கை ஹாரனைத் தேடியது, வழி கேட்க. பந்தயத்தில் வழி கேட்கப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நாலு சுற்று இப்படியே. கடைசிச் சுற்றில் ஒரு பெங்களூர் மெக்கானிக் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் தாண்டிப் போனான்.

எஜமான் இறங்கி வந்தார்.

"வண்டில ஏதாச்சும் கோளாறா?"

"இல்லீங்க எஜமான்."

"ஜாகா இருந்துச்சு அல்வா? தாண்ட இடம் இருந்துச்சில்ல?"

"இருந்துச்சுங்க."

"தாண்ட வேண்டியதுதானே? யாரு வேண்டாம்னா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். பாசாங்கு இல்லை. நிஜமாகவே அவருக்கு அன்று திட்டியது நினைவில்லை.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, பந்தயத்துக்கு வந்தீங்களா, சாமி ஊர்வலத்துக்கு வந்தீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எஜமான் அதிகமாகச் சிரித்தார்.

மெட்ராஸுக்கு அந்த மெக்கானிக்கைத்தான் அழைத்துப் போனார். நான் டயரும் பெட்ரோல் டின்னும் ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். அங்கே எஜமானும் ஒரு காரை ஓட்டினார், அவன் மூன்றாவது சுற்றிலேயே அவரைத் தாண்டினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெயித்து இறங்கியதும் எஜமான் அவன் தோளில் கைபோட்டு, "இவன்தான்பா டிரைவர்" என்று எல்லாரிடமும் சொன்னார். அந்தத் தோளுக்குப் பின்னால் நான் டயர் மாற்றும் ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு என்னைப் பந்தயத்துக்கு யாரும் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள். "எஜமான்கிட்ட, 'நீங்கதானே அன்னிக்குத் தாண்டுனதுக்குத் திட்டுனீங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க."

சொல்லியிருக்கலாம். "அப்படியா? நானா சொன்னேன்?" என்று அவர் கேட்டிருப்பார். கேட்டுவிட்டுச் சமையல்காரரைக் கூப்பிட்டு அதையும் சொல்லிச் சிரித்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லை.