தொட்டிலுக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரமே தொட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா மாட்டினேன். ஆவடியில் மூன்றாவது மாடி வீடு. ஏழு மாத மகளைப் பகலில் பார்த்துக்கொள்ள வரும் அக்காவிடம் விட்டுவிட்டு, அம்பத்தூரில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் அவளைப் பார்க்காவிட்டால் வேலை ஓடாது.

"என் மேல நம்பிக்க இல்லியாம்மா?" என்று அக்கா கேட்டார்.

"எனக்கு என் மேலயே இல்லக்கா" என்றேன். அது உண்மைதான்.

ஒரு சனிக்கிழமை, கூடத்துக்கும் ஒன்று வாங்கலாம் என்று முதல் கேமரா வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் கையை விரித்தார்.

"அந்த மாடல இப்ப விக்கக்கூடாதுக்கா. கவர்மெண்ட்டு ரூலு. உள்ள இன்னா சிப்பு கீது, படம் எங்க போவுதுன்னு டெஸ்ட்டு பண்ணி பாஸானாத்தான் விக்கலாம். பாஸான மாடல் வர ஒரு மாசம் ஆவும்."

"என் வீட்டுப் படம் நேரா என் போனுக்குத்தானே வருது?"

கைப்பேசியை வாங்கி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். சர்வர் என்ற சொல்லுக்கு எதிரே கடல் கடந்த ஒரு நகரத்தின் பெயர்.

"உங்க பாப்பா டெய்லி ஃபாரின் போய்ட்டு வருதுக்கா, பாஸ்போர்ட்டு இல்லாம."

சிரிக்க முடியவில்லை. அவள் விட்ட கொட்டாவி கடலைத் தாண்டிப் போய், நான் இமைப்பதற்குள் அம்பத்தூரில் என் மேசைக்குத் திரும்பியிருக்கிறது. எத்தனை பெரிய உலகம், எவ்வளவு சின்னக் கொட்டாவி.

அங்கேயே நின்று, சேமித்திருந்த படங்களைப் பார்த்தேன். தொட்டில். பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ராணுவ டாங்கித் தொழிற்சாலையின் மதில். மதிலுக்கு அந்தப்பக்கம் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு டாங்கி. புதிதாகச் செய்தவற்றை அங்கேதான் ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கள் தெருவுக்கு அது தினசரிச் சத்தம்.

நாட்டின் பாதுகாப்பு என்பது எல்லையில், பனியில் நடப்பது என்று நினைத்திருந்தேன். என்னை அறியாத யாரோ ஒருவர் எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, இப்படி ஒரு ஜன்னல் இருக்கும், பயந்தவள் ஒருத்தி அதன் எதிரே மலிவான கேமராவை மாட்டுவாள் என்பதுவரை யோசித்து விதி எழுதியிருக்கிறார். அவர் என்னைவிடவும் கவலைப்படுகிறவராக இருக்க வேண்டும்.

"உன் தொட்டில எவன் உக்காந்து பாக்கப்போறான்? கேமராவ செவுத்துப் பக்கம் திருப்பு, போதும்" என்றார் கணவர், வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது.

திருப்பினால் தொட்டில் தெரியாது. தொட்டிலை நகர்த்தலாம். ஆனால் கேமராவில் பதியும் சத்தம்? எந்த நேரத்தில் எத்தனை டாங்கி ஓடுகிறது என்று கேட்டே எண்ணிவிடலாமே? அளவுக்கு மீறி யோசிக்கிறேனா? திங்கட்கிழமை கிளம்பும்போது, பாஸான மாடல் வர ஒரு மாதம் ஆகும் என்று அக்காவிடம் சொல்லி ஒயரைப் பிடுங்கிவிட்டேன்.

பதினோரு மணிக்குக் கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. கறுப்புத் திரை. அக்காவை அழைத்தேன்.

"தூங்கிகினு கீதும்மா."

"நெஞ்சு ஏறி எறங்குதாக்கா?"

அக்கா எழுந்து தொட்டில் பக்கம் போகும் காலடிச் சத்தம் கேட்டது.

"ஏறுது, எறங்குது. இன்னும் ஒரு மாசத்துக்கு நாந்தான் உனக்குக் கேமராவா?"

"ஆமாக்கா" என்றேன். பதினொன்றே காலுக்கு மறுபடி அழைத்தேன்.