விஜயதசமிச் சவாரி

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவரை யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை. இலவச வைத்தியத்துக்கு அழைப்பார்கள். லேக் மார்க்கெட்டில் எங்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் இருந்த வங்கி அதிகாரியும் அப்படித்தான் அழைத்தார். பந்தயத்திலிருந்து கழித்த பெண் குதிரை ஒன்றை வாங்கி, சவாரி கிளப்பில் விட்டிருந்தார். சேணத்தைக் கண்டாலே அது காதை மடக்கிக் கடிக்க வந்தது. குளிர்காலத்துக்குள் சவாரிக்குத் தேறாவிட்டால் லாயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கிளப் எழுதியிருந்தது. அதன்பின் போகுமிடம் மைதானத்தில் ஆட்களை ஏற்றிச் சுற்றும் வாடகைக் குதிரைவண்டிதான்.

எல்லாம் முறைப்படி செய்தேன். முதுகை அழுத்தினேன், ஒரே இடத்தில் தோல் துடித்தது. எக்ஸ்ரேயில், சேணம் அமரும் இடத்தில் முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசுவது தெரிந்தது. அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டதும் குட்டிபோல ஓடியது. எட்டு வாரம் முதுகில் யாரும் ஏறக்கூடாது, நீளக் கயிற்றில் தலை தாழ்த்தி நடை மட்டும் என்று அட்டவணை எழுதி லாயக் கதவில் ஒட்டினேன். வயதான குதிரைக்காரர் அதை ஒருநாளும் மீறவில்லை. ஐந்தாம் வாரம், முதுகைத் தேய்க்கும்போது அது கண்ணை மூடி நின்றது.

ஆறாம் வாரம் ஆயுத பூஜை. கீழ்வீட்டுக்காரர் சேணத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்.

“சார், பூஜையில வெச்சதை நாளைக்கு எடுத்து ஆரம்பிக்கணும். சும்மா ஒரு ரவுண்டு.”

“குதிரைக்கு அதெல்லாம் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியுமே! பேத்தியை விஜயதசமியன்னிக்குத்தானே பாட்டு கிளாஸ்ல சேத்தீங்க?”

சிரித்துவிட்டேன். சிரித்தபின் மறுப்பது கடினம். ராகுகாலம் தவிர்த்து நேரம் குறித்துக் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் குதிரைக்காரர் வயிற்றுப் பட்டையை இறுக்காமல் நின்றார். “சாப், இன்னும் ரெண்டு வாரம் பாக்கி இருக்கே” என்றார் இந்தியில்.

“அஞ்சு நிமிஷம்தான்” என்றேன்.

கீழ்வீட்டுக்காரர் ஏறியதும் குதிரை முதுகைக் குழித்து உறைந்து நின்றது. பிறகு நடந்தது. அவர் சந்தோஷத்தில் இரண்டாம் சுற்றும் போனார், நான் தடுக்கவில்லை. மூன்றாவதில் தூக்கி எறிந்தது. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் முதுகில் தேய்க்கும் பிரஷ் பட்டதும் குதிரை சுவரோடு ஒண்டிக்கொண்டது.

கிளப் குளிர்காலம்வரை காத்திருக்கவில்லை. வண்டிக்காரர் வந்து பல்லைப் பார்த்தார், முதுகைத் தொடவேயில்லை. அவர் அதை நடத்திப் போனதும், குதிரைக்காரர் கதவிலிருந்து அட்டவணையை உரித்து என்னிடம் நீட்டினார்.

கிளப்புக்கு அறிக்கை எழுதினேன்: ‘உரிமையாளரின் வற்புறுத்தலால் ஆறாம் வாரத்தில் சவாரி.’ நேரம் குறித்துக் கொடுத்தது யார் என்று படிவத்தில் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.