சந்தை திறந்திருந்த நாள்

எங்கள் சட்டக் கல்லூரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அனுப்புநர் அக்கா’ என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருஷம் தபால் நிலையத்தில் பார்சல் பிரித்தவர். நாற்பத்திரண்டாவது வயதில், மகள் பள்ளிப் படிப்பை முடித்த அதே மாதத்தில், இவர் சட்டம் படிக்க விண்ணப்பம் போட்டார். “அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், நான் வேற காலேஜ்ல சேந்துக்கறேன்” என்று மகள் கையெடுத்துக் கும்பிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வேலையை விட்டாலும் வேலையின் பழக்கம் விடவில்லை. வகுப்பில் யாராவது எதையாவது அடித்துப் பேசினால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அது சரி, அனுப்புநர் யாரு?” என்பார். ஒருமுறை பேராசிரியரையே அப்படிக் கேட்டார். அவர் பதில் தேடி அடுத்த வகுப்பு வரை அவகாசம் வாங்கிக்கொண்டார்.

எனக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. அதை மறைப்பானேன்? நான் வேகம். கணினியில் நாலு வார்த்தை தட்டி, முதலில் வருவதை எடுத்துக்கொண்டு, மூட்டையைக் கட்டிவிட்டுப் போகிற ஜாதி. அகதிகளுக்கான இலவசச் சட்ட உதவி மையத்தில் எங்கள் இருவரையும் ஒரே வழக்கில் சேர்த்துப் போட்டபோது, இந்த வருஷம் உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்தேன்.

அந்த மையம் நூலகத்துக்குக் கீழே, பாதி பூமிக்குள் இருந்தது. ஒரே ஒரு ஜன்னல், கூரையை ஒட்டி. அதில் வானம் தெரியாது. தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். மதியத்தில் வெயில் அந்த வழியாகச் சரிந்து வந்து மேசைமேல் ஒரு முழ நீளத்துக்கு விழும். கால்கள் போகப் போக வெளிச்சம் அணைந்து அணைந்து எரியும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். நாம் உட்கார்ந்திருக்கும் ஊர் எது என்பதே மறந்துபோகும்.

எங்களிடம் வந்தவர் ஒரு தையல்காரம்மா. ஐம்பதை நெருங்கும் வயது. உட்காரும்போதெல்லாம் எங்கள் சட்டை ஓரங்களைப் பார்ப்பார். தையல் பிரிந்திருந்தால் அவருக்குத் தாங்காது. அவர் கதை சுருக்கமானது. ஊரில் சந்தை முனையில் கடை வைத்திருந்தார். வேலைநிறுத்தம் செய்தவர்கள் துணிப் பதாகை தைக்கக் கேட்டார்கள். திரைச்சீலை தைப்பதைப்போலத் தைத்துக் கொடுத்தார். அந்த வருஷம் நாலாம் மாதம் சிப்பாய்கள் வந்தார்கள், கடையைக் கொளுத்தினார்கள், அவர் பெயரைக் கேட்டு வீடு வீடாகப் போனார்கள். அவர் ஓடி வந்துவிட்டார். இங்கே அடைக்கலம் கேட்டார். கிடைக்கவில்லை. மேல்முறையீட்டு விசாரணைக்குப் பதினாறு நாள்தான் இருந்தது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“எனக்கு அரசியல் ஒண்ணும் தெரியாதும்மா. கொடுத்த துணியத் தைச்சேன்” என்றார். அவர் போன பிறகு நான் அக்காவிடம், “இது நிக்காதுக்கா. அரசியல் கருத்து இருக்கணும்னு சட்டத்துல இருக்கு. இவங்களே இல்லைங்கறாங்க” என்றேன்.

“அவங்களுக்கு இருக்க வேண்டாம். இருக்குன்னு தொரத்தறவன் நெனச்சாப் போதும்” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, தானே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “நான் சொன்னதுக்கு அனுப்புநர் யாருன்னு தேடு” என்றார். தேடினேன். அதே கருத்தில் மூன்று தீர்ப்புகள் கிடைத்தன. சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. ஊர்தான் எங்கள் பக்கம் இல்லை.

நிராகரித்த உத்தரவில் ஒரே ஒரு பத்தி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ‘அவ்வூரில் நிலைமை இயல்பாக உள்ளது. சந்தை கூடுகிறது. கடைகள் திறந்துள்ளன. ஐந்து அறிக்கைகள் இதை உறுதி செய்கின்றன.’ ஐந்தும் பெரிய பெரிய அமைப்புகளின் அறிக்கைகள். ஐந்துமே கடை எரிந்ததற்குப் பிறகு வெளிவந்தவை. அட்டையிலேயே தேதி இருந்தது.

“அஞ்சு பேர் சாட்சி சொல்றாங்க. நாம ஒத்த ஆள்” என்றேன்.

“அஞ்சு பேரா, அஞ்சு பார்சலா?” என்றார் அக்கா. ஒரு நோட்டை எடுத்து மூன்று கோடு கிழித்தார். யார் பார்த்தது, எந்த நாளில் பார்த்தது, யார் சொல்லிக் கேட்டது. அடிக்குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தார். நானெல்லாம் அடிக்குறிப்பை அடிக்குறிப்பு என்று தெரிந்துகொள்ள மட்டும் பார்ப்பேன். அவர் அதைத்தான் முதலில் படிப்பார். மேலே உள்ளதை மனசு இருந்தால் பார்ப்பார்.

அந்த நாட்கள் எப்படிப் போயின என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலில் ஈரக் காலணிகள் ஓடின. முதலாவது அறிக்கையும் ஐந்தாவதும் நாலாவதைக் கைகாட்டின. நாலாவது இரண்டாவதை. இரண்டாவது மூன்றாவதன் பழைய பதிப்பை. மூன்றாவது, இணையத்திலிருந்தே நீக்கப்பட்டுவிட்ட ஒரு பக்கத்தை. தையல்காரம்மா சொன்னதை வைத்து அக்கா வரைந்த ஊர்ப்படம் சுவரில் ஒட்டியிருந்தது. கிணறு, சந்தை, மணிக்கூண்டு, வளைந்த தெரு. அறிக்கையில் ‘வடக்குச் சாலை’ என்று வந்தால் நான் எழுந்துபோய் அதில் விரல் வைப்பேன். பார்த்தே இராத அந்த ஊரில் நான் நடமாடத் தொடங்கிவிட்டேன். பஸ்ஸில் கண்ணயர்ந்தால் சந்தைக்குப் போய்விடுவேன். கடைகள் எல்லாம் திறந்திருக்கும், ஆள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். திடுக்கிட்டு விழிக்கையில் இறங்கவேண்டிய இடம் தாண்டியிருக்கும்.

“அக்கா, எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகுது.”

“பிடிக்கட்டும். அதுக்கு முன்னாடி அந்தப் பழைய பக்கம் எங்கயாவது சேமிச்சு வெச்சிருக்காங்களான்னு பாரு.”

கணினி விஷயத்தில் அவர் கைநாட்டு. சேமித்து வைத்த பழைய பக்கத்தை நான்தான் கண்டுபிடித்தேன். அதன் கடைசியிலும் ஓர் அடிக்குறிப்பு. ஐந்து அறிக்கைகளுக்கும் மூலம் ஒன்றே ஒன்றுதான். தண்ணீர்க் குழாய்களைச் சரிபார்க்கும் ஒரு சின்ன அமைப்பு வெளியிட்ட, கடை எரிந்த அதே வருஷம் ஒன்பதாம் மாதம் அச்சான ஆய்வு. நிலைமையைப் பற்றி அதில் ஒரே வரி: ‘சந்தை இயங்குகிறது, கடைகள் திறந்துள்ளன.’ அந்த வரிக்குப் பக்கத்தில், ‘பின்னிணைப்பு காண்க’. பின்னிணைப்பை யாரும் எங்கும் ஏற்றியிருக்கவில்லை.

அமைப்புக்கு எழுதினோம். ஆறு நாள் பதில் இல்லை. விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது அங்கிருந்த நூலகப் பொறுப்பாளர் ஸ்கேன் செய்து அனுப்பினார். குழாய் பார்க்கப் போனவர் கைப்பட எழுதிய நாட்குறிப்பு. அக்கா முதலில் தேதியைப் பார்த்தார். இரண்டாம் மாதம். குழாய்க்காரர் அந்த ஊருக்குப் போனது, சிப்பாய்கள் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. எழுதி, திருத்தி, அச்சாகி வர ஏழு மாதம் ஆகியிருக்கிறது. அச்சான தேதியையே ஊரைப் பார்த்த தேதி என்று எடுத்துக்கொண்டு ஐந்து அமைப்புகளும் ஒன்றன் வாயை ஒன்று பார்த்து எழுதியிருந்தன. நானும் அப்படித்தானே எடுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

அதற்கடுத்த வரியை அக்கா படித்தார். பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார். ‘சந்தை நாள். கடைகள் திறந்திருந்தன. என் பச்சைப் பையின் வார் அறுந்துவிட்டது. முனையிலிருந்த தையல்கடைப் பெண்மணி மஞ்சள் நூலால் தைத்துக் கொடுத்தார்.’

நான் துள்ளி எழுந்தேன். உடனே தையல்காரம்மாவுக்குப் போன் செய்யக் கையை நீட்டினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். “சொல்லாத. நாம சொல்லிட்டா அது நம்ம ஞாபகம் ஆயிடும்.”

மறுநாள் காலை தையல்காரம்மா வந்து, ஈரக் குடையை மடக்கி மூலையில் சாய்த்தார். மையத்தில் எங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வை வழக்கறிஞரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அக்கா சாதாரணமாகக் கேட்டார். “அந்த வருஷம், கடை இருந்தப்போ, வெளியூர்க்காரங்க யாராவது கடைக்கு வந்ததுண்டாம்மா?”

“வருவாங்க போவாங்க” என்று யோசித்தார். ஜன்னலில் யாரோ நின்று, நகர்ந்தார்கள். மேசைமேல் வெளிச்சம் போய்த் திரும்பியது. “குழாய் பாக்க ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன், வாயே ஓயாது. பை வார் பிஞ்சுபோச்சுன்னு வந்தாரு. பச்சைப் பை. எங்கிட்ட பச்சை நூல் தீந்துபோச்சு. மஞ்சள்ல போட்டேன். அது எனக்கு இன்னிக்கும் உறுத்துது. ஏம்மா?”

அக்கா அவர் சொன்னதை வார்த்தை பிசகாமல் எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகுதான் நாட்குறிப்பைக் காட்டி, அது எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்பதை மெதுவாக விளக்கினார். தையல்காரம்மா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்படின்னா, அன்னிக்கு என் கடை தொறந்திருந்துச்சுன்னு சொல்லித்தான் என்னைத் திருப்பி அனுப்பப் பாத்தாங்களா?”

“ஆமாம்மா” என்றார் அக்கா. தையல்காரம்மா அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

விசாரணையில் மேற்பார்வை வழக்கறிஞர் அதிகம் பேசவில்லை. நோட்டின் மூன்று கோடுகளை அப்படியே ஒரு தாளில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தோம். ‘யார் பார்த்தது’ என்பதன் கீழே ஐந்து அறிக்கைக்கும் ஒரே ஆள். ‘எந்த நாளில்’ என்பதன் கீழே ஒரே நாள். தீர்ப்பாயத் தலைவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். நூலின் நிறத்தைத் தையல்காரம்மாவிடம் அவரே கேட்டார். பதினோரு நாள் கழித்து உத்தரவு வந்தது. அடைக்கலம் கிடைத்துவிட்டது.

நான் கூத்தாடினேன். அக்கா வேலையை முடிக்கவில்லை. அந்த வரி அச்சில் இருக்கும் வரைக்கும் அதே ஊரிலிருந்து வருகிற அடுத்த ஆளையும் அது மடக்கும் என்றார். வரியை நீக்கக் கோரி ஐந்து அமைப்புகளுக்கும் கடிதம் எழுதினார். அனுப்புவதற்கு முன்னால், உங்கள் சம்பந்தப்பட்டது, பார்த்துச் சொல்லுங்கள் என்று தையல்காரம்மாவிடம் காட்டினார். அவர் நன்றி சொல்ல வந்திருந்த நாள் அது. என் சட்டையின் கைமடிப்பை முன்னமே பிரித்து, ஊசியோடு உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தை விரல் வைத்துப் படித்தார். ஊசி என் கையில் குத்தாத குறையாகச் சட்டென்று நிமிர்ந்தார்.

“எடுத்துடச் சொல்லாதீங்கம்மா.”

“அது தப்பான தகவலாச்சே.”

“தப்பு இல்லையே. அன்னிக்குக் கடை தொறந்துதான் இருந்துச்சு. சந்தை கூடுச்சு. நான் அந்த மனுஷனுக்குத் தைச்சுக் குடுத்தேன்.” அவர் சுவரிலிருந்த ஊர்ப்படத்தைப் பார்த்தார். “எங்க ஊரைப் பத்தி மத்த காகிதம் எல்லாத்துலயும் நெருப்புதாம்மா இருக்கு. இந்த ஒண்ணுலதான் நாங்க நல்லா இருக்கோம்.”

அக்கா பேனாவை எடுத்தார். ‘நீக்க வேண்டுகிறோம்’ என்பதை அடித்துவிட்டு, பார்த்த நாளைச் சேர்க்க வேண்டுகிறோம் என்று மாற்றினார். ஒரே ஒரு அமைப்புதான் இதுவரை திருத்தியிருக்கிறது. அதன் புதிய பதிப்பில் சந்தை இன்னும் கூடுகிறது, கடைகள் திறந்திருக்கின்றன, பக்கத்தில் தேதி இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, தையல்காரம்மா தன் இயந்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறார்.