ஸ்ரீதேவியின் செய்தியோடை

பள்ளிபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்துப் பாடம் நடத்தும் ஸ்ரீதேவிக்குப் பத்து வருடமாக ஒரே பைத்தியம். காவிரியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எந்தத் தெருவுக்கு என்றைக்குக் கரண்ட் இல்லை என்பதையெல்லாம் தன் இணையதளத்தில் தினமும் எழுதுவாள். செய்தியோடைச் செயலி ஒன்றைப் போட்டு அதன் முகவரியை ஒருமுறை கொடுத்துவிட்டால், அவள் எழுதுவது தானாகவே செல்போனுக்கு வந்துவிடும்.

"நடுவுல ஆளே இல்லீங்க. யாரும் அனுப்ப வேண்டியதில்ல, யாரும் நிறுத்தவும் முடியாது" என்று ஆற்றோரத் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். முப்பத்தோரு வீட்டில் தன் கையாலேயே போட்டுக் கொடுத்தாள்.

மூன்றே மாதத்தில் பெரும்பாலானவர்கள் அழித்துவிட்டார்கள். "அதுல ஒரு குட்மார்னிங்கூட வர்றதில்லீங்களே டீச்சர்" என்றார் தறிப்பட்டறை சென்னியப்பன். தெருவின் வாட்ஸப் குழு அவர் கையில் இருந்தது. அதிலும் ஸ்ரீதேவி தன் ஓடையின் இணைப்பைப் போட்டு, புதிதாகச் சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டே இருந்தாள். நான்காம் தடவை, "இங்க விளம்பரம் வேண்டாமுங்க" என்று எழுதி அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

போன ஆடியில் மேட்டூர் அணை நிரம்பியது. சாயங்காலத்துக்குள் தெருவில் தண்ணீர் ஏறிவிடும் என்று காலையிலேயே எழுதினாள் ஸ்ரீதேவி. ஓடையை வைத்திருந்தவை ஐந்து வீடுகள்தாம். அதனால் சென்னியப்பனுக்குப் போன் செய்து, குழுவில் போடச் சொன்னாள்.

"ஆளுகளப் பயமுறுத்தாதீங்க டீச்சர். மதகு மூடிட்டாங்கன்னு வீடியோவே வந்திருக்குது."

அது யாரோ அனுப்பிய பழைய வீடியோ. ஸ்ரீதேவி நேரிலேயே போய்க் கதவைத் தட்டினாள். தட்டிய வீட்டிலெல்லாம் அந்த வீடியோவைத்தான் காட்டினார்கள். ஓடையை வைத்திருந்த ஐந்து வீட்டில் சாலம்மாளுடையதும் ஒன்று; அவள் அதற்குள் நூல் மூட்டைகளை மாடிக்கு ஏற்றியிருந்தாள்.

ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. பதினான்கு வீட்டு நூலும் தறியில் பூட்டியிருந்த பாவும் சேறாகிப் போயின.

மறுநாள் பள்ளிக்கூட முகாமில், நூலைப் பறிகொடுத்த மாரக்காள் ஸ்ரீதேவியை மறித்துக்கொண்டாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்குதுல்லங்க? குழுவுல ஒரு வார்த்த போட்டிருக்கலாமுல்ல?"

"என்னைத்தான் நீக்கிட்டாங்களே."

"கெஞ்சியாவது சேந்திருக்கோணுமுங்க. எங்கூட்டு நூலெல்லாம் போச்சு."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அங்கேயே நின்றிருந்த சென்னியப்பனும் அவர்களோடு சேர்ந்து தலையாட்டினார்.

அடுத்த வாரத்திலிருந்து நீர்மட்டச் செய்தி தினமும் குழுவில் வந்தது. எழுத்து ஸ்ரீதேவியின் தளத்திலிருந்து எடுத்தது, அடியில் பெயர் சென்னியப்பனுடையது. கும்பிடு போட்டு நன்றி சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. அதைத் தன் போனில் ஸ்ரீதேவிக்கு எடுத்துக் காட்டியவள் சாலம்மாள்தான்.

"அதான் குழுவுலயே வந்துருதுங்களே டீச்சர். போன்ல எடமே இல்லீங்க. உங்க ஓடைய அழிச்சுட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க."

"செரிங்க" என்றாள் ஸ்ரீதேவி.